ஒரே நம்பரில் இரண்டு வண்டி

மரப்பெட்டியின் பக்கவாட்டில் நோர்மா தன் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்சம் தள்ளிப்போய் இன்னும் இரண்டு தட்டு.

"உள்ள இருக்கிறது வண்டிச் சாமான் இல்ல, லெயார்கோ."

"அப்போ என்ன பாஸ், குழந்தையா? இவ்ளோ பதமா தட்டுறீங்க."

"வாய மூடு. கடப்பாரையை எடு."

எடுத்தேன். எனக்கு வருகிற சம்பளத்தில் பாதி கடப்பாரை எடுக்க, மீதிப் பாதி வாயை மூட. இரண்டாவது வேலையை நான் ஒருநாளும் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

நோர்மா மலவோல்தி தன் வாழ்நாளில் பாதியைச் சீஸ் கிடங்குகளில் கழித்தவர். மாட்டுவண்டிச் சக்கரம் போல் அடுக்கி வைத்திருக்கும் சீஸ்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, உள்ளே பொத்தல் விழுந்ததா, வெடிப்பு ஓடியதா என்று காதாலேயே சொல்வது அந்த உத்தியோகம். ஒருநாள் ஒரு கிடங்கு முதலாளியையும் அதேபோல் தட்டிப் பார்த்து, அவர் எதை எங்கே பதுக்கியிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். அன்றோடு சீஸ் வேலை போயிற்று. மோதெனா நகரத்தின் ஒரே பெண் துப்பறிவாளர் அப்படித்தான் உண்டானார். நான் அவருக்கு உதவியாளன், வண்டியோட்டி, அவர் மிச்சம் வைக்கும் சாப்பாட்டுக்கு வாரிசு.

பெட்டிக்குப் பக்கத்தில் எர்மெஸ் பெத்ராட்சி நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மொர்த்தாதெல்லா என்கிற பெரிய தொத்திறைச்சியைச் செய்து விற்கிற கம்பெனிக்கு முதலாளி. ஆளும் ஏறக்குறைய அதே உருவம். காலையிலேயே கல்யாண மாப்பிள்ளை போல கோட்டு சூட்டு.

"என்ன சிஞ்ஞோரா, சாமான் இல்லையா? முத்திரை அப்படியே இருக்கே," என்றார் நோர்மாவிடம்.

பெட்டியின் மூடியில் பரோல்தி கார் கம்பெனியின் ஈய முத்திரை உடையாமல் இருந்தது உண்மைதான். பெட்டி என்றா சொன்னேன்? உள்ளே ஒரு பசுவைக் கட்டிப் பால் கறக்கலாம், அவ்வளவு பெரிது.

நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பின்பலகையின் திருகாணிகள் எல்லாம் கழற்றித் திரும்ப முடுக்கப்பட்டிருந்தன. துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் கிரீஸ் வேறு. பலகையை நெம்பினேன்.

உள்ளே செங்கல். அடியில் ஒரு கம்பளி விரித்து, அதன்மேல் வரிசை வரிசையாக அடுக்கிய செங்கல். நாலு மூலையிலும் துணிப்பையில் கட்டிய லாவெண்டர் பூ.

"செங்கல்ல அந்துப்பூச்சி அரிச்சிடக் கூடாதுன்னு பூ வெச்சுட்டுப் போற திருடன இப்பத்தான் பாக்குறேன்," என்றேன். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வீட்டையும் பெருக்கிட்டுப் போயிருப்பான்."

எர்மெஸ் சிரிக்கவில்லை. அவர் சிரித்துப் பல மாதம் ஆகிறது. காரணம் அவர் மனைவி ஸெலிந்தா.

ஸெலிந்தாவிடம் ஒரு கார் இருந்தது. பரோல்தி கம்பெனியின் லிபெல்லூலா, தும்பி என்று அர்த்தம். கல்யாணத்துக்கு முன்பே தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பந்தயக் கார். மலையேற்றப் போட்டிகளில் ஆண்களுக்கெல்லாம் புகையைக் காட்டியது. வயதாகி, வண்ணம் உதிர்ந்து, மழை வந்தால் உள்ளே குடை பிடிக்கும் நிலைக்கு வந்த பிறகும் அதில்தான் காய்கறிச் சந்தைக்குப் போவார். எர்மெஸுக்கு இது பொறுக்கவில்லை. திருமண நாளுக்குப் பரிசாக இருக்கட்டும் என்று, மனைவியிடம் சொல்லாமல், வண்டியை அது பிறந்த கம்பெனிக்கே அனுப்பிவிட்டார். பரோல்தியில் பழைய வண்டிகளைப் புத்தம் புதிதாக்க ஒரு தனிப் பட்டறை இருக்கிறது. வேலை முடிந்து அவர்களுடைய முத்திரை விழுந்தால், அதே வண்டிக்குச் சந்தையில் இரண்டு மடங்கு விலை. கழற்றிய பழைய சாமானை எல்லாம் ஒரு பெட்டியில் அடைத்து, முத்திரை வைத்து, வண்டியோடு திருப்பித் தருவார்கள். சுடுகாட்டில் அஸ்தி கொடுப்பதைப் போலத்தான். வாங்கி வந்தவர் எவரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

புது வண்டி பளபளவென்று வந்து நின்றது. ஸெலிந்தா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "நல்லாருக்கு, யாரோடது?" என்று கேட்டார். அதுதான் அவர் புருஷனிடம் கடைசியாகப் பேசியது. அன்றிலிருந்து அந்த வண்டியிலும் ஏறவில்லை, எர்மெஸோடு வேறு எந்த வண்டியிலும் ஏறவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் நாய் மூலமாகத்தான் சொல்லி அனுப்புகிறார்.

"அத வித்துத் தொலைச்சாத்தான் அவ என்கிட்ட பேசுவா," என்றார் எர்மெஸ். குரல் உடைந்தது. "பெல்ஜியத்துலேர்ந்து ஒருத்தர் கேட்ட விலை தர்றேன்னு சாயங்காலம் வர்றாரு. இந்த நேரம் பாத்து இது வருது."

இது என்று அவர் நீட்டியது வேகக் கேமரா எடுத்த படம். சோக்கா மலைப்பாதையில், பறக்கிற வேகத்தில், பின்பக்கம் மட்டும் தெரிகிற ஓர் ஓட்டை லிபெல்லூலா. அதில் எர்மெஸ் வீட்டு வண்டியின் அதே நம்பர். ஆனால் எர்மெஸ் வீட்டு வண்டி கொட்டகையை விட்டு நகரவே இல்லை. அவர் பயந்துபோய்ப் பரோல்தி பட்டறைத் தலைவருக்குப் போன் போட, அவர் கொதித்துவிட்டார். ஒரு நம்பருக்கு ஒரு வண்டிதான், இன்னொன்று போலி, போலியைப் பிடித்து நசுக்காமல் விற்பனை நடக்காது என்று சொல்லிவிட்டார். ஆகவே நாங்கள்.

நோர்மா ஒரு செங்கல்லை எடுத்தார். ஒரு பக்கம் கரி பிடித்துக் கறுத்திருந்தது. மூக்கருகில் கொண்டுபோய் மோந்தார்.

"கஷ்கொட்டைப் புகை," என்றார். "கொட்டை காய வைக்கிற குடிலோட செங்கல். மலைமேல இருந்து வந்திருக்கு. வீட்டம்மா எங்க?"

"தண்ணிக்குள்ள நின்னு செய்வாங்களே, அந்த உடற்பயிற்சிக்குப் போயிருக்கா. வெந்நீர் ஊற்று ஊர்ல. நெதமும் பை எடுத்துட்டு, நாயக் கூட்டிட்டு பஸ் ஏறிடுவா."

"நாயுமா நீச்சல் அடிக்குது? அதுக்கு எந்த அளவுல உடுப்பு?" என்றேன்.

நோர்மா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் என்னை மரியாதையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இந்த வருஷத்துல நீ சொன்ன ஒரே நல்ல ஜோக் இதுதான்," என்றார். "வண்டிய எடு."

ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பாராட்டு கிடைத்தால் காரணம் கேட்கிற பழக்கமும் எனக்கு இல்லை.

சோக்காவுக்கு ஏறும் பாதையில் என் குட்டி வண்டி ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கியது. எனக்கும் நோர்மாவுக்கும் சண்டை ஆரம்பமானது.

"ரெண்டு மடங்கு விலை கொஞ்சம் ஓவர்தான்," என்றார் அவர். "நல்லா முதிர்ந்த சீஸ சுரண்டி, கழுவி, புதுத் தோல் போட்டுக் குடுத்தா நீ ரெண்டு மடங்கு குடுப்பியா?"

"நான் ஒரு மடங்கே குடுக்க மாட்டேன், எங்க மாமா கடையில ஓசி. ஆனா பாஸ், கம்பெனிக்காரன் செஞ்சது கம்பெனிக்காரன் செஞ்சதுதான். சாவியப் போட்டா ஓடும். நடுரோட்டுல நிக்காது. எவன் கைய வெச்சான், எதப் போட்டு அடைச்சான்னு கவலைப்பட வேணாம். நிம்மதிக்குத்தான் காசு."

"எர்மெஸ் முகத்துல அந்த நிம்மதியப் பாத்தியா?"

கியரை மாற்றினேன்.

சோக்கா கடைத்தெரு மதுக்கடையில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் பெயர் அமில்காரே. காகிதம் மாதிரி மெல்லிசான தோசையில் பன்றிக்கொழுப்பும் பூண்டும் தடவி, மேலே சீஸ் தூவி மடித்துக் கொடுத்தார். ஊர் ஆண்கள் பாதிப்பேர் மூலை மேஜையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பக்கம் இடிஞ்ச கஷ்கொட்டைக் குடில் ஏதாவது இருக்கா?" என்று நோர்மா கேட்டார்.

"எல்லாமே இடிஞ்சதுதான்," என்றார் அமில்காரே.

"சமீபத்துல இடிஞ்சது?"

"சமீபத்துல இடிஞ்சா நான் பாக்கல."

"பழைய பந்தயக் கார் ஒண்ணு இந்தப் பாதையில போகுதாமே?"

"காரா? இங்க அந்த மாதிரி எதுவும் போறதில்லையே."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. வெளியே ஒரு கர்ஜனை. கண்ணாடிக் குவளைகள் அலமாரியில் கிடுகிடுத்தன. சாம்பலும் துருவும் கலந்த நிறத்தில் ஏதோ ஒன்று ஜன்னலைக் கடந்து மேலே பாய்ந்தது. கடை முழுக்க அத்தனை பேரும் தலையைக் குனிந்து கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்கள்.

"இப்ப போனது என்ன?" என்றார் நோர்மா.

"காத்து," என்றார் அமில்காரே.

"மலைக்காத்து பலமாத்தான் அடிக்குது," என்றேன். "ஆனா மூணாவது கியருக்கு மாத்தும்போது கொஞ்சம் இழுக்குதே."

"அது புது கிளட்ச், பழகிட்டா சரியாப் போயிடும்," என்றார் சீட்டாடிய கிழவர் ஒருவர்.

கடை முழுக்க ஒரே முனகல். பக்கத்தில் இருந்தவர் கிழவரின் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, "உன்னை எவன் பேசச் சொன்னான்?" என்றார். நோர்மா தோசைக்குக் காசை வைத்தார். நான் அவருடைய மிச்சத்தை வாயில் திணித்துக்கொண்டு ஓடினேன்.

வளைவுகளில் அந்த வண்டி எங்களைச் சுலபமாக விட்டுப் பிரிந்துவிட்டது. பரவாயில்லை. அது போன வழியெல்லாம் எண்ணெய் சொட்டியிருந்தது. ஒரு மண்பாதை பிரிகிற இடத்தில் சொட்டும் திரும்பியது, நாங்களும் திரும்பினோம். கஷ்கொட்டை மரங்களுக்கு நடுவே ஒரு புகைக்குடில். அதன் ஒரு சுவர் முழுசாகக் காணோம். ஒரு கார் நுழையத் தக்க அளவுக்கு, ஓரமெல்லாம் சுத்தமாக, செங்கல் செங்கல்லாக எடுத்திருந்தார்கள்.

"வாசல் வைக்க உடைச்ச செங்கல்தான் பெட்டிக்குள்ள இருக்கு," என்றார் நோர்மா. "ஒரே வேலையில ரெண்டு காரியம். கெட்டிக்காரி."

"கெட்டிக்காரியா? திருடன் பொம்பளையா?"

"நீ இன்னுமா கண்டுபிடிக்கல?"

உள்ளே எஞ்சின் அணைந்தது. மூடி திறந்த அந்தத் தகர மூட்டையிலிருந்து, தோல் தொப்பியும் பந்தயக் கண்ணாடியும் போட்ட ஓர் உருவம் இறங்கியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியதும் கண்ணைச் சுற்றி இரண்டு வெள்ளை வட்டம், மற்ற முகமெல்லாம் கரி. அறுபதைத் தாண்டிய பெண். பின்னாலேயே ஒரு குண்டு நாய் குதித்தது.

"ஸெலிந்தாம்மா, தண்ணி சூடா இருந்துச்சா?" என்றார் நோர்மா.

ஸெலிந்தா பெத்ராட்சி எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். ஓடிப் போகவில்லை. ஒரு கந்தலை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு கழட்டி எறிஞ்சத நான் பொறுக்கி மாட்டினேன். இதுல எங்க இருக்கு திருட்டு?"

"திருட்டுன்னு யாரு சொன்னா? எப்படி மாட்டுனீங்கன்னு சொல்லுங்க."

அவ்வளவுதான், ஸெலிந்தா மடை திறந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பழைய உடம்புத் தகரம் மொத்தமும் பெட்டியில் இருந்தது, எர்மெஸ் இல்லாத நேரங்களில் சோக்காக்காரர்கள் வந்து செங்கல்லை வைத்துவிட்டு எடுத்துப் போனார்கள். பழைய எஞ்சினில் விரிசல் என்று புதிதாக வார்த்துப் போட்டிருந்தார்கள், அந்த விரிசலை சோக்கா கொல்லர் ஒட்டிக் கொடுத்தார். அடிச்சட்டமான சேசிஸில் பாதிதான் பெட்டியில் கிடைத்தது, மீதிக்கு ஒரு டிராக்டரின் இரும்பு. வளைந்துபோன பழைய நம்பர் பலகையும் அதிலேயே கிடந்ததாம், கம்பெனிக்காரர்கள் அழகாகப் புதிது அடித்து மாட்டியிருக்கிறார்கள். ஊரில் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள், ஆளுக்கொரு யோசனையும் கொடுத்தார்கள், யோசனைகளைக் கழற்றத்தான் அதிக நேரம் ஆனது.

"அந்தப் புதுசுல உக்காந்து பாத்தேன், ஒரே ஒரு தடவ, அவரு தூங்கும்போது," என்றார். "கதவு சத்தமே இல்லாம மூடுது. என் வண்டிக் கதவ ரெண்டு தடவ அடிச்சு, இடுப்பால ஒரு இடி இடிக்கணும். அந்த இடி எங்க போச்சு? காச வாங்கிட்டு அத எடுத்துட்டாங்களேம்மா."

நோர்மா குனிந்து, வண்டியின் முன்பக்கம் அடியில் டார்ச் அடித்தார். குறுக்குச் சட்டத்தில் ஓரிடத்தைக் கந்தலால் அழுத்தித் துடைத்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து, எர்மெஸுக்கும் பரோல்தி பட்டறைத் தலைவருக்கும் போன் போட்டு, இடத்தைச் சொல்லி, இரண்டு பேரும் உடனே வரவேண்டும் என்றார்.

எனக்குத் திக்கென்றது. "பாஸ், அந்த ஆளு வந்தா இத நசுக்கிடுவான்."

"தெரியும்."

"தெரிஞ்சே கூப்பிடுறீங்களா?"

ஸெலிந்தா ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றார். நாயும் போய் நின்றது. நானும் எதற்கும் இருக்கட்டும் என்று நாய்ப்பக்கம் ஒதுங்கினேன்.

முதலில் வந்தது எர்மெஸ். பளபளக்கும் புது லிபெல்லூலாவையே ஓட்டி வந்திருந்தார், அப்படியே பெல்ஜியக்காரரிடம் ஒப்படைக்கிற எண்ணத்தில். பின்னாலேயே வண்டி தூக்கும் லாரி, அதன் முன்சீட்டில் பரோல்தி பட்டறைத் தலைவர், தொத்தோரே பொன்ஃபாத்தி. தொத்தோரே என்றால் பட்டம் வாங்கிய பெரிய மனிதர், ஆனால் எங்கள் ஊரில் டை கட்டியவர் எல்லோரும் தொத்தோரே. இவர் கழுத்துப்பட்டையில் ஊசி வேறு குத்தியிருந்ததால் இரண்டு மடங்கு தொத்தோரே.

எர்மெஸ் இறங்கினார். குடிலைப் பார்த்தார், ஓட்டை வண்டியைப் பார்த்தார், கரிமுகத்தோடு நின்ற மனைவியைப் பார்த்தார்.

"ஸெலிந்தா? தண்ணிப் பயிற்சி?"

ஸெலிந்தா நாயைப் பார்த்தார். "பெப்போ, நான் தண்ணியே தொடலன்னு அவருகிட்ட சொல்லு."

பெப்போ கடமை உணர்ச்சியோடு எர்மெஸைப் பார்த்து வாலை ஆட்டியது.

"குடும்ப விவகாரத்த அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் பொன்ஃபாத்தி. "ஒப்பந்தம் தெளிவா இருக்கு. எங்க நம்பர் போட்ட போலிய எங்க கண்டாலும் பறிமுதல் பண்ணி நசுக்கலாம். தம்பி, கொக்கிய இறக்கு."

லாரிக்காரர் கொக்கியை இறக்கினார். ஸெலிந்தா ஸ்பேனரை உயர்த்தினார். நடுவில் நோர்மா போய் நின்றார்.

"ஒரு சந்தேகம் தொத்தோரே. எது அசல்னு எத வெச்சு முடிவு பண்றீங்க?"

"இது என்ன கேள்வி? முன் குறுக்குச் சட்டத்துல எங்க ஸ்தாபகர் காலத்துல அடிச்ச கம்பெனி நம்பர் இருக்கும். அந்தச் சட்டம் எதுல இருக்கோ அதுதான் வண்டி. மத்ததெல்லாம் சாமான். உலகம் பூரா இதுதான் எங்க விதி, இதுல ஒரு மயிரிழை கூட மாறாது."

"நல்ல விதி. கொஞ்சம் முட்டி போடுறீங்களா?"

அவர் தன் கால்சட்டையைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் முட்டி போட்டார். நோர்மா ஓட்டை வண்டியின் அடியில் டார்ச் அடித்தார். எனக்கும் தெரிந்தது. துருவேறிய சட்டத்தில் கையால் அடித்த நம்பர். நடுவில் ஒரு ஏழு மட்டும் குடித்தவன் மாதிரி சாய்ந்து நின்றது.

"இப்ப அதுக்கு அடியில."

புது வண்டிக்கு அடியில் தலையை விட்டார் பொன்ஃபாத்தி. அதே நம்பர்தான், புத்தம் புதுச் சட்டத்தில், அளவெடுத்து நிறுத்திய மாதிரி. ஏழு நிமிர்ந்து நின்றது.

வெளியே வந்த முகம் மாவு பூசியது போலிருந்தது.

"பழசு கோணலா இருந்திருக்கும்," என்று முனகினார். "துரு வேற. எங்க பசங்க... எங்க பட்டறையில கோணலா எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

"அதனால அசல பெட்டியில போட்டு முத்திரை வெச்சுக் குடுத்துட்டீங்க. உங்க விதிப்படி அசல் இந்த ஓட்டை வண்டி. போலி உங்க கம்பெனி முத்திரை குத்தினது."

லாரிக்காரர் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப எதத் தூக்கணும்?"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு கஷ்கொட்டை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பொன்ஃபாத்தி சாமானியப்பட்ட ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் டையைச் சரி பண்ணிக்கொண்டு எர்மெஸின் தோளில் கை போட்டார்.

"பெத்ராட்சி, கல்யாணத்துக்கு அப்புறம் வரிக்காக மாத்தி எழுதினதுலேர்ந்து வண்டி காகிதத்துல உங்க கம்பெனி பேர்லதான் இருக்கு, நீங்க சொன்னா போதும். இந்தப் பழசுலேர்ந்து சட்டத்த மட்டும் அறுத்து எடுத்து, புதுசுல ஒட்ட வெச்சுர்றோம். ராத்திரிக்குள்ள முடிஞ்சிரும். பெல்ஜியக்காரருக்கு அசல் வண்டி, உங்களுக்கு முழு விலை, பிரச்சனை வீட்ட விட்டுப் போயிரும். நீங்க கேட்டது அதானே?"

எர்மெஸ் கேட்டது அதுதான். காலையில் எங்கள் முன்னால் அழாத குறையாகக் கேட்டது. நான் மரத்தை விட்டேன். நாயின் கழுத்தில் இருந்த ஸெலிந்தாவின் கை அசையாமல் நின்றது.

"அத அறுத்தா இது என்ன ஆகும்?" என்று எர்மெஸ் ஓட்டை வண்டியைக் காட்டினார்.

"பழைய இரும்பு. எடைக்குப் போடலாம்."

எர்மெஸ் புது வண்டியைத் திரும்பிப் பார்த்தார். அவர் எவ்வளவு ஆசைப்பட்டு அதைச் செய்யச் சொல்லியிருப்பார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பிறகு பொன்ஃபாத்தியின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"வேணாம் தொத்தோரே. புதுசுலேர்ந்து நம்பர அழிச்சிருங்க. பெல்ஜியக்காரர்கிட்ட உண்மையச் சொல்லுங்க, இது உங்க பசங்க போன வருஷம் செஞ்ச அழகான புது வண்டின்னு. பாதி விலை குடுத்தாலும் சரி. அழகு அழகுதான், அதுக்கு ஒரு விலை இருக்கு. ரெண்டு மடங்கு இல்ல."

"உங்களுக்குப் பெரிய நஷ்டம்."

"எனக்கு எது நஷ்டம்னு எனக்குத் தெரியும்."

விஷயம் வெளியே போனால் தன் பட்டறையின் மானம் போய்விடும் என்று பொன்ஃபாத்திக்குத் தெரியாதா? தலையாட்டினார். லாரிக்காரர் நிம்மதிப் பெருமூச்சோடு கொக்கியைப் புது வண்டிப் பக்கம் கொண்டுபோனார்.

ஸெலிந்தா ஸ்பேனரைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். எர்மெஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்கவும் தைரியமில்லாமல், போகவும் மனமில்லாமல் நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

நோர்மா மட்டும் ஓட்டை வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார், சந்தைக்கு வந்தவர் மாதிரி அங்கங்கே சுத்தியலால் தட்டிக்கொண்டு. கதவு டங் என்றது. மூடி டங் என்றது. வலது முன்சக்கரத்துக்கு மேலே தட்டியபோது பொத் என்றது. நின்றார். இன்னொரு முறை தட்டினார். பொத்.

"இங்க பட்டி போட்டு அடைச்சிருக்கு," என்றார். "தகரத்துக்கு மேல ரெண்டு விரல் கனத்துக்கு."

"இருக்காது," என்றார் ஸெலிந்தா. "என் வண்டியில பட்டியே கிடையாது. நான் ஒரு நாளும் எங்கயும் இடிச்சதில்ல. அப்போலேர்ந்து இப்ப வரைக்கும் அப்படியே இருக்கிற வண்டி இது."

"நீங்க இடிக்கல."

எல்லோரும் எர்மெஸைப் பார்த்தோம். லாரிக்காரர்கூட. அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"நம்ம பெரிய பொண்ணு பொறந்த அன்னிக்கு," என்றார் எர்மெஸ் மெதுவாக, தொப்பியிடம். "ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. எனக்குக் கை கால் ஓடல. உன் வண்டிதான் வேகமா போகும்னு எடுத்துட்டேன். ரொட்டிக் கடை முக்குல திரும்பும்போது சுவத்துல... நீ வீட்டுக்கு வர்றதுக்குள்ள நானே தட்டி, பட்டி பூசி, தேச்சு, பெயின்ட் அடிச்சேன். நீ கண்டுபிடிச்சிருவன்னு ஒவ்வொரு நாளும் பயந்தேன்."

ஸெலிந்தா அந்த இடத்துக்குப் போய் விரலால் தடவினார். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எத்தனை முறை துடைத்த இடமோ.

"அந்த வாரம் பூரா கையில கட்டு போட்டிருந்த," என்றார். "எலும்பு வெட்டும்போது கத்தி பட்டுடுச்சுன்னு என்கிட்ட சொன்ன."

"கத்தி இல்ல, பட்டி தேச்ச உப்புக்காகிதம்."

"நீயா பூசுன?"

"நான்தான்."

"எனக்கே தெரியாத அளவுக்கு?"

பெப்போ சட்டென்று நிமிர்ந்து இருவரையும் பார்த்தது. தகவல் தன் வழியாக வரவில்லையே என்று அதற்கு ஒரே குழப்பம்.

ஸெலிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு வயிற்றிலிருந்து வந்தது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, கரிமுகத்தில் இரண்டு கோடு விழும்வரை சிரித்தார். எர்மெஸ் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எங்களைப் பார்த்தார்.

ஸெலிந்தா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினார். கதவை இரண்டு தடவை அடித்து, இடுப்பால் ஓர் இடி இடித்தார்.

"ஏறு, எர்மெஸ்."

"பக்கத்து சீட் எங்க?"

"எலி தின்னுடுச்சு. சாக்கு இருக்கு பாரு."

கல்யாண மாப்பிள்ளை சூட்டோடு எர்மெஸ் கஷ்கொட்டைச் சாக்கின்மேல் உட்கார்ந்தார். மடியில் பெப்போ ஏறி உட்கார்ந்தது. எஞ்சின் உறுமியதில் மரத்திலிருந்து கொட்டைகள் எங்கள் தலையில் பொலபொலவென்று விழுந்தன. எர்மெஸ் குனிந்து தன் காலடியில் எதையோ தேடினார்.

"ஸெலிந்தா, பிரேக் பிடிக்குமா?"

"மலை ஏறும்போது பிரேக் எதுக்கு?"

"இறங்கும்போது?"

"இறங்கும்போது பேசிக்கலாம்," என்றார் ஸெலிந்தா, கிளட்சை விட்டார்.